ரஸ்லானின் நண்பனுக்கு உப்பு ஆகாது

புருல்லுஸ் ஏரிக்கரை
12 டிசம்பர் 1986

என் ஈரல் துண்டு, பேரன் ரஸ்லானுக்கு, உன் பாட்டி சப்ரிய்யா ஸலாம் சொல்லி எழுதுவது. வீடு நலம், படகு நலம், என் முழங்கால் மட்டும் மழை வரும்போது முணுமுணுக்கிறது. அங்கே நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் நல்ல சேதிகள். உன் தங்கை நஜ்வா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இந்தக் கரையிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். வெள்ளை அங்கியை வீட்டுக்கு எடுத்து வந்தாள். அதை அவளுக்குப் போட்டுவிட்டு மழையென்றும் பார்க்காமல் தெருக்கோடி வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். உன் தம்பி ஹம்தி நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கி வந்தான். அதில் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டுமே. உங்கள் அம்மா ஹிக்மத், அவளுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும், இருந்து பார்த்திருக்க வேண்டும். எல்லாருக்கும் மேலே நீ, குவைத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். அஞ்சாவதோடு நின்ற எனக்கு அந்தப் பாடத்தின் பெயரே வாயில் நுழைவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

உன் போட்டோ வந்தது. முகம் நன்றாகப் பூரித்திருக்கிறது. பக்கத்து வீட்டு உம்மு ஸகி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஹஜ்ஜா, குவைத்துக் காத்து ஒட்டகத்தையே கொழுக்க வைக்கும் போல. கன்னத்தைப் பாருங்க, அடுப்புல உப்பின ரொட்டியாட்டம்" என்றாள். "கண்ணு வைக்காதடி, மாஷா அல்லாஹ் சொல்லிட்டுப் பேசு" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அச்சு அசல் உன் தாத்தா. கடைசி மழைக்காலத்தில் அவருக்கு இதே முகம் இருந்தது.

அவர் பெயரை உனக்கு வைத்தது வீண்போகவில்லை. அவர் போய் இத்தனை காலமாகியும் மண்ணெண்ணெய் வண்டிக்காரன் வாசலில் வந்து "ரஸ்லான்" என்றுதான் கூப்பிடுகிறான். பெண்பிள்ளை பெயரைத் தெருவில் கூவக் கூடாது அல்லவா. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதலாக அந்தப் பெயருக்கு எழுந்துபோய்ப் பதில் சொல்வது நான்தான்.

போட்டோக்காரனிடம் கேள், இடது கையை ஏன் முதுகுக்குப் பின்னால் மறைக்க வைத்தான் என்று. திருடனை நிறுத்திய மாதிரி இருக்கிறது.

உன் பாட்டி


குவைத்
9 ஜனவரி 1987

அன்புள்ள பாட்டிக்கு, உங்கள் கையில் முத்தமிட்டு எழுதுகிறேன். நான் நலம். அப்பாவின் படகுக்கு இந்தத் தடவை நல்ல வலை வாங்கச் சொல்லுங்கள்.

என்னோடு அறையில் ஒரு நண்பன் தங்கியிருக்கிறான், அவனும் வாத்தியார். அவனுக்கு உடம்பு சரியில்லை. வாரத்தில் சில நாள் மருத்துவமனைக்குப் போய், ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் அரை நாள் படுத்திருக்கிறான். அவனுடைய இரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போகிறது, சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாக உள்ளே திரும்புகிறது. கூட இருந்து பார்த்தேன். தன் இரத்தம் தன்னை விட்டு வெளியே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே அவன் தேநீர் கேட்டான். நர்சு, "அரை கிளாஸ்தான், அதுவும் எழுதி வைக்கணும்" என்றாள்.

இதைச் சொல்லும்போது ஒன்று கேட்கத் தோன்றியது. தாத்தா எப்படி இறந்தார்? அப்போது நான் சின்னப் பிள்ளை, யாரும் எனக்குச் சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் ரஸ்லான்


புருல்லுஸ்
6 பிப்ரவரி 1987

கண்ணே, ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இன்னொரு தடவை கேட்காதே.

ஒரு நாள் உச்சி வெயிலில் அவர் வாசலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் சந்தையில் இருந்தேன். நாணல் பக்கமிருந்து ஒரு பெண் குரல் "ரஸ்லான்" என்று அழைத்ததாம். இவர் "என்ன" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போயிருக்கிறார். அங்கே யாரும் இல்லை. ஏரியில் அழைக்கிறவள் ஒருத்தி இருப்பது உனக்குத் தெரியும். பதில் சொல்கிறவனை அவள் உடனே கொண்டுபோவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை அவனுக்குள்ளே அனுப்புகிறாள்.

அப்படித்தான் ஆயிற்று. காலையில் கண் இமை வீங்கும், சாயங்காலம் கால் வீங்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். மோதிரத்தை அறுத்து எடுத்தோம். முகம் பூரித்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், இவர் தேறிவிட்டார் என்று. அப்புறம் வாயில் கழிப்பறை வாடை வந்தது. உடம்பெல்லாம் சொறிந்துகொண்டே இருப்பார். கடைசி நாட்களில் காலையில் பார்த்தால் நெற்றியில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. ஏரி அவர் மேல் உப்பு காய்ச்சுகிறது என்று உன் பெரிய பாட்டி சொன்னாள். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார், ஓடவே இல்லை. பிறகு ஒரு நாள் கட்டிலில் படுத்தபடி மூழ்கிப் போனார். மெத்தை காய்ந்துதான் இருந்தது. வாயில் நுரை.

உன் நண்பனின் சங்கதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏன் கேட்டாய்?

பாட்டி


புருல்லுஸ்
3 ஏப்ரல் 1987

என் ரஸ்லானுக்கு ஸலாம். என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரனிடம் கேட்டால், "ஹஜ்ஜா, நானா எழுதணும்? எழுதிப் போட்டா கொண்டாந்து தர்றேன்" என்கிறான்.

வசந்தப் பண்டிகைக்கு ஃபசீக் போட்டுவிட்டேன். நம் ஏரி மடவை மீன், வயிறு நிறையக் கல்லுப்பு அடைத்து, ஜாடியில் அடுக்கி, மூச்சு விடாமல் மூடி வைத்தது. மூடியைத் திறந்ததும் உம்மு ஸகி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைத் தின்னுட்டு பேரன் வகுப்புக்குப் போனா பிள்ளைங்க எல்லாம் ஓடிப்போயிடும்" என்றாள். அப்புறம் இரண்டு மீன் வாங்கிக்கொண்டுதான் போனாள். குவைத்துக்குத் திரும்பும் ஷவ்கியிடம் ஒரு டின் நிறையக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஊறுகாய் எலுமிச்சையும் உண்டு.

உன் நண்பனுக்கும் கொடு. நோயாளி, வாய்க்கு ருசியாக இருக்கும்.

பாட்டி


குவைத்
24 மார்ச் 1987

அன்புள்ள பாட்டிக்கு, ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது, தேர்வுத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். நான் நலம்.

தாத்தாவை யாரும் அழைக்கவில்லை பாட்டி. அது சிறுநீரக நோய். என் நண்பனுக்கும் அதுதான், டாக்டர் எனக்கு வரைந்து காட்டினார். இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம், ஃபூல் பயறு போன்ற வடிவத்தில் இரண்டு, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. உடம்பிலுள்ள இரத்தம் முழுவதும் நாளெல்லாம் திரும்பத் திரும்ப அவற்றுக்குள் போய்வருகிறது. அப்பா வலையைக் கரையில் கொட்டுகிற மாதிரி, அவை முதலில் நீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் கலந்தபடியே வடித்துக் கொட்டிவிடும். பிறகு உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கும். மிஞ்சுவதுதான் சிறுநீர். நிறையக் குடித்தால் நிறைய விடும், தாகத்தில் கிடந்தால் சொட்டுச் சொட்டாக இறுக்கிப் பிடிக்கும். கடலுக்குத் திறக்கும் நம் ஏரி வாய் மாதிரி. அந்த வாய் மணல் மூடிப்போன வருடம் தண்ணீர் வீட்டுப்படி வரைக்கும் ஏறியதே, நினைவிருக்கிறதா?

அந்த இரண்டும் நின்றுவிட்டால் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. கண்ணிலும் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். கழிவு தோல் வழியாகப் பூக்கும், அதுதான் அந்த வெள்ளைப் பொடி. இன்னொன்றும் உண்டு. உடம்பு தினமும் கொஞ்சம் அமிலம் உண்டாக்குகிறது, சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். முடியாதபோது இரத்தம் மாவு மாதிரிப் புளித்துப்போகும். அதைச் சரிக்கட்ட நெஞ்சு வேகவேகமாக மூச்சு விடும். தாத்தா ஓடாமலே மூச்சு வாங்கியது அதனால்தான்.

நண்பனுக்கு உப்பு ஆகாது. உப்பு தண்ணீரைக் கட்டிப்போடும், தாகத்தையும் கிளப்பும். ஒரு நாள் கைமீறித் தின்றால் போதும்.

அவனுடைய இடது கையில் இரண்டு இரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், இயந்திரத்துக்கு இரத்தம் வேகமாக வருவதற்காக. அன்று முதல் அந்தக் கை ரீங்கரிக்கிறது. காதை வைத்தால், உள்ளே தேனீ மாட்டிக்கொண்ட மாதிரிச் சத்தம். அது ஓயவே கூடாதாம். ஓய்ந்தால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் ரஸ்லான்


புருல்லுஸ்
30 ஏப்ரல் 1987

ரஸ்லான், உனக்கு ஸலாம்.

நீ மார்ச்சில் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. பண்டிகை முடிந்து பத்து நாள் ஆகிறது. உப்பைப் பற்றி எழுதிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. தந்தி கொடுக்க ஓடினேன். என்ன எழுத வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டான். "மீன் தின்னாதேன்னு போடு" என்றேன். "பண்டிகையே போயிடுச்சே ஹஜ்ஜா" என்று சிரித்தான். அறைய வேண்டும் போல் இருந்தது, பாவம், அவன் என்ன செய்வான்.

நண்பனுக்குக் கொடுக்கச் சொன்னதும் நான்தான். அவன் தின்றானா?

உன் போட்டோக்களை எல்லாம் எடுத்து உன் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தேன்.

நண்பனுக்காகப் பெரியவர் தர்காவில் மெழுகுவத்தி ஏற்றப் போகிறேன். அங்கே துஆ கேட்க ஆளின் பெயர் வேண்டும், அவனைப் பெற்றவள் பெயரும் வேண்டும். அது உனக்குத் தெரிந்ததுதானே. அவன் பெயர் என்ன? உடனே எழுது.

பாட்டி


குவைத்
25 மே 1987

பாட்டி, கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள். நான் நலம்.

ஷவ்கி டின்னைக் கொண்டுவந்து கொடுத்தான். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க நம் கரை வந்து நின்றது. நண்பனைத் தடுத்தேன். "ஒரு நாள்தானே, இது பாட்டி கைப்பக்குவம்டா" என்றான். வெங்காயம் வைத்து, ரொட்டியில் சுருட்டித் தின்றான். முள்ளைக் கூட விடவில்லை. இரவெல்லாம் தாகம், குழாயில் வாய் வைத்துக் குடித்தான். மறுநாள் அவனால் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே மூழ்கிக்கொண்டிருந்தான். சரியான நேரத்துக்கு இயந்திரத்தில் போட்டார்கள், உள்ளே தேங்கிய தண்ணீரை அள்ளி எடுத்தார்கள். பிழைத்துவிட்டான்.

உங்கள் மீது தவறில்லை. மீன் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு விஷயம். உங்களைத் தவிர யாரிடம் சொல்வது? அவன் படுத்திருக்கும் அறையின் ஜன்னல் கடலைப் பார்த்திருக்கிறது. உச்சி வேளையில் அங்கிருந்து ஒரு பெண் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். நம் கரைப் பேச்சிலேதான் கூப்பிடுகிறாளாம். கழிவு தலைக்கு ஏறியிருக்கும்போது அப்படிக் கேட்கும், இரத்தம் தெளிந்தால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். நானும் அதைத்தான் அவனுக்குச் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து கூப்பிடுகிறாள். எனக்குக் களைப்பாக இருக்கிறது, பதில் சொல்லிவிடலாமா என்று அவன் கேட்கிறான்.

அவன் பெயரைப் பிறகு எழுதுகிறேன். அவன் தாயின் பெயர் ஹிக்மத்.

ரஸ்லான்


புருல்லுஸ்
12 ஜூன் 1987

என் உயிரே, உனக்கும் உன் நண்பனுக்கும் ஸலாம்.

ஹிக்மத் நல்ல பெயர். உலகத்தில் எத்தனையோ ஹிக்மத். தாயின் பெயர் போதும், மற்றது எனக்கு வேண்டாம். மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன்.

இது உன் நண்பனுக்கு. மகனே, உன்னைப் பெறாத பாட்டி எழுதுகிறேன். உச்சி வேளையில் யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காதே. என் குரலில் கூப்பிட்டாலும் திறக்காதே. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள். டாக்டர் சொல்வதை நம்பு. நான் சொல்வதையும் நம்பு. இரண்டுக்கும் இடமிருக்கிறது. தாகம் எடுத்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள், நஜ்வாவிடம் ஜாடையாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ரஸ்லான், ஃபசீக் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். உப்பில்லாத ரொட்டி சுட்டு நானும் தின்று பார்க்கிறேன். துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. உம்மு ஸகி, "என்ன ஹஜ்ஜா, இந்த வயசுல இடுப்பு இளைக்கணுமா, யாருக்குக் காட்ட?" என்கிறாள். சிரித்து வைத்தேன்.

நாம் பாசம் காட்ட ஈரல் ஈரல் என்று சொல்கிறோம். சிறுநீரகத்தை ஒருத்தரும் சொன்னதில்லை. ஆடு அறுத்தால் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறோம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆண்பிள்ளைகள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருக்கிறார்கள், தெருவில் ஒரு நாய் கூட இல்லை. வாசலில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. கடிதத்தை இதோடு நிறுத்துகிறேன்.

பாட்டி


குவைத்
17 ஜூலை 1987

அன்புள்ள பாட்டிக்கு, கைகளில் முத்தம். இந்தத் தடவை உண்மையிலேயே நலம்.

நண்பன் தேறிவிட்டான். வீக்கம் வடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் அவனை நிறுத்தி எடை பார்க்கிறார்கள். இடையில் குறைவது எல்லாம் தண்ணீர். பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இயந்திரத்தை விட்டு அவனால் தூரம் போக முடியாது. அதனால்தான் இந்த விடுமுறைக்கு என்னால் ஊருக்கு வர முடியவில்லை.

அழைப்பதும் நின்றுவிட்டது. இரத்தம் தெளிந்துவிட்டது என்கிறார் டாக்டர். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நண்பன் வேறு மாதிரி சொல்கிறான். ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. அவள் ஜன்னல் கம்பிக்கு வந்துவிட்டாளாம். பெயரைச் சொன்னாளாம். இவன் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் தூரத்திலிருந்து வேறு யாரோ "இதோ வர்றேன்" என்று பதில் சொன்னார்களாம். வயதான குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. அதற்குப் பிறகு ஜன்னலில் வெறும் கடல்தான்.

பாட்டி, இந்த நோய் குடும்பத்தில் இறங்கி வரக்கூடும் என்கிறார்கள். நஜ்வாவையும் ஹம்தியையும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், அப்பாவையும் சேர்த்து. நண்பனுக்கு வந்ததைப் பார்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

புதுப் போட்டோ வைத்திருக்கிறேன்.

உங்கள் ரஸ்லான்


புருல்லுஸ்
7 ஆகஸ்ட் 1987

என் ஈரலே, என் சிறுநீரகமே, ஸலாம். கடிதம் கிடைத்தது, போட்டோ கிடைத்தது. கன்னம் ஒட்டியிருக்கிறது. உம்மு ஸகி, "பிள்ளை இளைச்சுப் போயிட்டானே" என்று அங்கலாய்த்தாள். நான் அன்றைக்குத் தெருவுக்கே சர்பத் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இங்கே நல்ல சேதிகள் நிறைய. நஜ்வா முதல் வருடம் தேறிவிட்டாள், உடம்பு அறுக்கும் பாடத்தில் வகுப்பிலேயே முதல். ஹம்திக்கு இன்னொரு கோப்பை. சர்க்கரை போட ஒன்றுதான் வேண்டும், இதில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பேரையும் பரிசோதனைக்கு அனுப்பினேன், உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று பேருக்கும் சுத்தமாக இருக்கிறது. நஜ்வா, "நீயும் வா பாட்டி" என்றாள். "அந்தக் கிழட்டுக் குழாயைப் பாத்து என்னடி பண்ணப்போறே" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். நாணல் பக்கமிருந்து, தேன் போல ஒரு குரல், "ரஸ்லான்" என்றது. உன் பெயரா, உன் தாத்தாவின் பெயரா என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த வாசலில் அந்தப் பெயருக்குப் பதில் சொல்கிற உரிமை எனக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை. செருப்பு கூடப் போடாமல் "இதோ வர்றேன்" என்று போனேன். தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய், "கூப்பிட்டியே, வந்துட்டேன். இந்த வீட்டுல இனி வேற ரஸ்லான் இல்ல" என்றேன். நாணல் கொஞ்ச நேரம் காற்றில்லாமலே அசைந்தது. திரும்பி வந்து துணி துவைத்தேன்.

இதை நண்பனிடம் சொல்லாதே, வருத்தப்படுவான்.

நான் சுகம். வெயில் கடுமை, அதனால் கால் கொஞ்சம் கனம். என் வெள்ளிக் காப்பை வெட்டி எடுக்கச் சொன்னேன், பழைய காலத்து அளவு, இறுக்கிப் பிடித்தது. நேற்றுக் காலை உம்மு ஸகி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹஜ்ஜா, என்ன இது, புதுப் பொண்ணாட்டம் பூரிச்சுப் போய் இருக்கீங்க" என்றாள். "மாஷா அல்லாஹ் சொல்லிட்டுப் பேசுடி" என்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இன்னொரு போட்டோ எடு. இந்தத் தடவை கையை மறைக்காதே. சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, இடது கையை முன்னால் நீட்டி நில். தேனீ இருக்கிற இடத்தை நான் பார்க்க வேண்டும். காதை வைத்துக் கேட்க முடியாது, கண்ணாலாவது பார்த்துக்கொள்கிறேன். தாமதம் செய்யாமல் சீக்கிரம் தபாலில் போடு.

உன் பாட்டி சப்ரிய்யா